மலையை எந்தக் கிழமை தாண்டுவது? ஐரோப்பாவில் நீண்ட கார்ப் பயணத்துக்கு ரூட் போடும் வழி

கூகுள் மேப்பில் ஃபிராங்ஃபர்ட் என்றும் டுப்ரோவ்னிக் என்றும் போட்டால் ஒரு நீலக் கோடு வரும். சுமார் 1,600 கிலோமீட்டர், பதினாறு பதினேழு மணி நேரம் என்று சொல்லும். முதல் தடவை நாங்கள் அந்தக் கோட்டை நம்பித்தான் கிளம்பினோம். ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டி, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, ராத்திரி ஸ்லொவேனியாவில் தூங்கிவிடலாம் என்று கணக்கு. மியூனிக்கைச் சுற்றிப் போவதற்குள்ளேயே மதியம் தாண்டிவிட்டது. சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே டவர்ன் சுரங்கத்துக்கு முன்னால் வண்டிகள் அப்படியே நின்றன. எனக்கு முன்னால் நின்ற கேரவன்காரர் நிதானமாகக் கதவைத் திறந்து காபி போட ஆரம்பித்ததைப் பார்த்ததும்தான், இது அவருக்கு வருஷா வருஷம் பழகிய வரிசை என்று புரிந்தது. மூன்று மணி நேரம். புளியோதரை அங்கேயே தீர்ந்தது.

அதற்குப் பிறகு நான் ரூட் போடும் முறையே மாறிவிட்டது. வடக்கு ஐரோப்பாவிலிருந்து தெற்கே போகிற யாருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஆல்ப்ஸ் மலையை எந்த இடத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தாண்டப் போகிறீர்கள்? அதை முடிவு செய்துவிட்டால் தங்கும் ஊர், சுங்கம், பெட்ரோல் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஜெர்மனிக்கோ பக்கத்து நாடுகளுக்கோ புதிதாக வந்து, முதல் தடவை குடும்பத்தோடு நீண்ட பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து குரோவேஷியா போய், இத்தாலி வழியாகத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

மேப்பைப் பெரிதாக்கிப் பார்க்காமல், தள்ளி நின்று பாருங்கள். ஆல்ப்ஸ் ஒரு நீண்ட மதில். அதில் கார் போகக்கூடிய பெரிய வாசல்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. கோடையில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் எல்லாம் அந்தச் சில வாசல்களுக்குள்தான் நுழைய வேண்டும்.

குரோவேஷியாவுக்கு நேர் வாசல், மியூனிக், சால்ஸ்பர்க், ஃபில்லாக் வழியாகப் போகிற ஏ10 டவர்ன் ஆட்டோபான், அதாவது நெடுஞ்சாலை. அதைத் தாண்டியதும் ஸ்லொவேனியாவுக்குள் நுழைய கரவாங்கன் சுரங்கம். கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நீளம், 1991-இல் திறந்தது. ஒரே குழாய், அதற்குள்ளேயே இரண்டு திசைப் போக்குவரத்தும். இரண்டாவது குழாய்க்கான வேலை நடந்துவருகிறது. கோடைச் சனிக்கிழமைகளில் ஆஸ்திரியப் பக்கம் வண்டிகளை நிறுத்தி நிறுத்தித்தான் உள்ளே விடுவார்கள்.

இரண்டாவது வாசல் பலருக்குக் கண்ணில் படுவதில்லை: நியூரம்பெர்க்கிலிருந்து ரேகன்ஸ்பர்க், பாஸ்ஸாவ், பிறகு ஆஸ்திரியாவில் வெல்ஸ், கிராட்ஸ், அங்கிருந்து ஸ்லொவேனியாவின் மாரிபோர், அப்புறம் ஸாக்ரெப். மியூனிக் பக்கமே போக வேண்டாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கரவாங்கன் போன்ற ஒற்றைக் குழாய் இடுக்கும் இந்த வழியில் இல்லை. சனிக்கிழமை போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். காட்சி கொஞ்சம் மட்டு. பரவாயில்லை, நிற்கும் காரிலிருந்து பார்க்கும் மலை எத்தனை நேரம் அழகாக இருக்கும்?

மூன்றாவது பிரென்னர்: மியூனிக், இன்ஸ்ப்ரூக், வெரோனா. சுமார் 1,370 மீட்டர் உயரக் கணவாய். பெரிய சுரங்கம் ஏதும் இல்லாமல் பாலம் பாலமாக ஏறும்; வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். அதனாலேயே லாரிகள் அத்தனையும் இங்கேதான். போதாக்குறைக்கு, அந்த வழியிலுள்ள லூயெக் பாலம் பழுதானதால் 2025 ஜனவரியிலிருந்து அந்த இடத்தில் பெரும்பாலான நாட்களில் திசைக்கு ஒரு தடம்தான். நெரிசல் மிகுந்த நாட்களில் மட்டும் இரண்டாக்குகிறார்கள். கிளம்பும் முன் எந்த நாள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் சுரங்கம். 16.9 கிலோமீட்டர், 1980-இல் திறந்தது. இதுவும் இருதிசை ஒற்றைக் குழாய்தான். 2001 அக்டோபரில் உள்ளே இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்த பிறகு, லாரிகளைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஈஸ்டர், கோடை விடுமுறை வாரங்களில் பத்து கிலோமீட்டர் வரிசை அங்கே செய்தியே இல்லை. வரிசையில் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம் போச்சு. மாற்று வழி கிழக்கே சான் பெர்னார்டினோ. சுற்றுத்தான், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் கோட்ஹார்ட் சுரங்கத்துக்கு மேலேயே 2,106 மீட்டர் உயரக் கணவாய்ச் சாலையும் திறந்திருக்கும், பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

பாரிஸ், லண்டன் பக்கமிருந்து இத்தாலிக்கு வருபவர்களுக்கு மோன் பிளான் சுரங்கம் நினைவுக்கு வரும். ஒரு தடவை போகவே ஐம்பது யூரோவுக்கு மேல். சமீப ஆண்டுகளில் இலையுதிர்காலத்தில் பராமரிப்புக்காக மாதக் கணக்கில் மூடியும் வைக்கிறார்கள். தேதி பார்க்காமல் அதை நம்பி ரூட் போடாதீர்கள்.

கிழமையும் மணியும்

எங்கள் இரண்டாவது பயணத்தில் புதன்கிழமை மதியம் கிளம்பினோம். சால்ஸ்பர்க்குக்கு முன்னால், பவேரியாவிலேயே டிரௌன்ஸ்டைன் பக்கத்தில் ஒரு பண்ணை விடுதியில் தூங்கினோம். விடிகாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டுக் கிளம்பினால், டவர்ன் சுரங்கத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டே சிவப்பு விளக்குகள். கரவாங்கனில் நிற்கவே இல்லை. எட்டரைக்கு பிளெட் ஏரிக்கரையில் உட்கார்ந்து அந்த ஊர் கிரீம் கேக்கைக் காலை உணவாகச் சாப்பிட்டோம். அதே சாலை, அதே கார். கிழமையும் மணியும் மட்டும்தான் வேறு.

ஆகவே விதி எளிது. மலைக்கு வடக்கே, அடிவாரத்தில் தூங்குங்கள். வெயில் ஏறும் முன் தாண்டிவிடுங்கள். "இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் அந்தப் பக்கம் போய்விடலாமே" என்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஆசை வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

செவ்வாய், புதன், வியாழன் நல்லவை. வெள்ளி மதியத்திலிருந்து சனி மாலை வரை மோசம், ஏனென்றால் விடுமுறை வீடுகளின் வாடகை வாரம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாறுகிறது. ஞாயிறு காலையில் ஒரு வசதி உண்டு. ஜெர்மனியில் ஞாயிறு இரவு பத்து மணி வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓடக்கூடாது. ஆட்டோபானில் வலது தடம் காலியாகக் கிடக்கும். புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

ஜெர்மனியில் பள்ளி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாநிலத்தை மட்டும் பார்த்தால் போதாது; பவேரியாவுக்கும் பாடன் வுர்ட்டம்பெர்குக்கும் எப்போது தொடங்குகிறது, நெதர்லாந்துக்கு எப்போது என்று பாருங்கள். ஏடிஏசி என்கிற ஜெர்மன் வாகன சங்கம் வார இறுதி நெரிசல் கணிப்பை முன்கூட்டியே வெளியிடுகிறது. பிரான்ஸில் அரசே "பீசோன் ஃபியுத்தே" என்ற பெயரில் ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்துவிடுகிறது. கறுப்பு நாளில் தெற்கே கிளம்புவதும் நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின நாள் தாம்பரத்திலிருந்து காரில் கிளம்புவதும் ஒன்றுதான். இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள்.

நாட்களைப் பிரிப்பது

ஒரே ஓட்டுநர், பின்சீட்டில் குழந்தைகள் என்றால் ஒரு நாளைக்கு 500, 550 கிலோமீட்டர் போதும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் 700 வரை போகலாம். நேவிகேஷன் சொல்லும் நேரத்தோடு நான் எப்போதும் நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். இது அனுபவக் கணக்கு. கழிப்பறை, பெட்ரோல், டயாபர், "அப்பா, எப்போ வரும்?" எல்லாம் அதற்குள் அடங்கும்.

நம் உதாரணத்தில் முதல் நாள் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து டிரௌன்ஸ்டைன் வரை, சுமார் 500 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மலையைத் தாண்டி, பிளெட்டில் இறங்கி, லூப்லியானா, ஸாக்ரெப் வழியாகக் கார்லொவாட்ஸ் வரை. அங்கே தூங்கினால் மறுநாள் காலை பிலிட்விட்சே ஏரிகளைக் கூட்டம் வருமுன் பார்த்துவிடலாம். பதினாறு ஏரிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அருவியாக வழியும் இடம். நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போக வேண்டும் என்றாலும் அந்த விலகல் வீண் போகாது. பிறகு ஏ1 நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்ப்ளிட்.

அந்த ஏ1 சாலையில் ஸ்வேத்தி ரோக் என்று ஒரு சுரங்கம். 5.7 கிலோமீட்டர், வெலெபிட் மலையைக் குடைந்து போகிறது. நாங்கள் உள்ளே நுழையும்போது பைன் காடு, மூடுபனி, காரின் வெப்பமானியில் 17 டிகிரி. வெளியே வந்தபோது மொட்டைச் சுண்ணாம்புப் பாறை, கண் கூசும் வெயில், தூரத்தில் தட்டு வைத்தது போலக் கடல், 26 டிகிரி. பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். இந்தச் சுரங்கத்துக்குத் தெற்கே புரா என்கிற காற்று மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும். பலமாக வீசினால் முதலில் கேரவன், பைக் போன்றவற்றை நிறுத்துவார்கள். இன்னும் பலமானால் சாலையையே மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் அதிகம். குரோவேஷிய வாகன சங்கமான எச்ஏகேயின் இணையதளத்தைக் கார்லொவாட்ஸில் காபி குடிக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சுங்கக் காசு

நம் ஊர் டோல்கேட் மாதிரி எல்லா நாட்டிலும் ஒரே முறை கிடையாது. ஜெர்மனி, பெல்ஜியம், லக்ஸம்பர்கில் கார் ஓட்ட நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. பிரான்ஸ், இத்தாலி, குரோவேஷியாவில் பெரும்பாலும் நுழையும் இடத்தில் சீட்டு எடுத்து, இறங்கும் இடத்தில் தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். பிரான்ஸில் பாரிஸிலிருந்து நார்மண்டி போகிற சாலையில் 2024 முதல் கேட்டே இல்லை. கேமரா படம் எடுக்கும், 72 மணி நேரத்துக்குள் நீங்களாகப் போய் இணையத்தில் கட்ட வேண்டும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஸ்லொவேனியா மூன்றிலும் விக்னெட், அதாவது நெடுஞ்சாலையில் ஓட்டக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கும் அனுமதி.

விக்னெட்டில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆஸ்திரியாவின் 2025 விலையை எடுத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 9.30, பத்து நாளுக்கு 12.40, இரண்டு மாதத்துக்கு 31 யூரோ. நம் பயணம் பதினைந்து நாள் என்று வைப்போம். பத்து நாள் விக்னெட் ஒன்று பற்றாது, அதனால் இரண்டு மாதத்துக்கு வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆஸ்திரியாவில் நீங்கள் ஓட்டுவது போகிற ஒரு நாள், வருகிற ஒரு நாள். இரண்டு ஒரு நாள் விக்னெட் வாங்கினால் 18.60-இல் முடிந்தது. ஒரே ஆபத்து, பயணம் ஒரு நாள் தள்ளிப்போனால் அந்த விக்னெட் செல்லாது. நான் போகும்போது ஒரு நாளுக்கும், திரும்பும்போது கொஞ்சம் இழுவை இருக்கட்டும் என்று பத்து நாளுக்கும் வாங்குவேன். ஸ்லொவேனியாவில் குறைந்தது ஒரு வாரம். சுமார் 16 யூரோ. சுவிட்சர்லாந்தில் சின்னக் கணக்கே இல்லை. ஒரு தடவை கடந்தாலும் வருஷத்துக்கு 40 ஃபிராங்க்தான். அதனால் சுவிஸ் வழியாகப் போனால் அந்த வருஷமே இன்னொரு தடவை போய்விடுங்கள். விலைகள் பொதுவாக ஆண்டுக்காண்டு கொஞ்சம் ஏறும்.

விக்னெட் வாங்கினால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். டவர்ன் பகுதிக்குத் தனியாகப் பதினைந்து யூரோ வாக்கில், கரவாங்கனுக்கு ஒன்பது யூரோ வாக்கில், பிரென்னருக்குப் பன்னிரண்டு யூரோ வாக்கில் வாசலில் கட்ட வேண்டும். குரோவேஷியாவில் நாங்கள் போனபோது ஸாக்ரெப்பிலிருந்து ஸ்ப்ளிட் வரை சுமார் 25 யூரோ ஆனது.

டிஜிட்டல் விக்னெட் கார் நம்பரோடு கட்டப்பட்டது. நம்பரில் ஓ எழுத்துக்குப் பதில் சுழியம் போட்டால் நீங்கள் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். ஸ்லொவேனியாவில் அபராதம் 300 யூரோவில் தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் பக்கங்கள். மேலே ஒரு கட்டணம் சேர்த்து விற்பார்கள். ஆஸ்திரியாவுக்கு ஆஸ்ஃபினாக், ஸ்லொவேனியாவுக்கு டார்ஸ், இந்த இரண்டு அரசு நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். வாங்கிய பிறகு நம்பரை மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை.

நேவிகேஷனைக் கட்டிப்போடுவது

"டோல் தவிர்" என்ற பொத்தானை ஆல்ப்ஸில் மட்டும் அழுத்தாதீர்கள். பத்து யூரோ மிச்சம் பிடிக்கப் போய், செங்குத்தான கணவாய்ச் சாலையில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். ஃபில்லாக்கிலிருந்து ஸ்லொவேனியா போகும் வுர்ட்சன் கணவாய் அப்படிப்பட்டது. பிரேக் சூடேறும் வாசனை காருக்குள் வரும்.

இன்னொன்று, இன்ஸ்ப்ரூக் இருக்கும் ஆஸ்திரிய மாநிலமான டிரோலில். வரிசை நீண்டால் நேவிகேஷன் உங்களை ஆட்டோபானை விட்டு இறக்கி, கிராமங்கள் வழியே போகச் சொல்லும். கோடை வார இறுதிகளில் டிரோல் மாநிலம் அப்படி இறங்குவதைத் தடை செய்திருக்கிறது. அந்தக் கிராமத்திலேயே தங்கப் போகிறீர்கள் என்றால் சரி. வெறுமனே கடந்து போகிறவர்களை நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள். நாலைந்து நிமிஷம் மிச்சம் என்று செயலி ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செயலியில் முழுப் பயணத்தையும் ஒரே கோடாகப் போடாமல், நீங்கள் தேர்ந்த வாசலை இடைநிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அது உங்களை வேறு மலைக்கு மாற்றிவிடும். ஸ்லொவேனியா, குரோவேஷியா மேப்பை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வதும் நல்லது. சுரங்கம் விட்டு வரும்போது சிக்னல் திரும்ப நேரமெடுக்கும்.

எல்லை, விசா, வாடகைக் கார்

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகளின் வட்டாரமான ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, யூரோவும் அன்றைக்கே வந்தது. ஆகவே ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து டுப்ரோவ்னிக் வரை ஷெங்கனை விட்டு வெளியே போகாமலே போகலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஸ்ப்ளிட்டுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் நடுவில் போஸ்னியா தன் கடற்கரைத் துண்டை நீட்டி, குரோவேஷியாவை இரண்டாக வெட்டுகிறது. அந்த ஊர் நேயும். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறக்கும் வரை எல்லோரும் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேறித்தான் போனார்கள். இப்போது 2.4 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாலத்தில் ஏறி, தீபகற்பத்தில் இறங்கி, ஸ்தோன் ஊர் வழியாக மறுபடி கரைக்கு வந்துவிடலாம். பாலத்துக்குக் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவில் அழைத்துப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம். பழைய கரையோரச் சாலையில் தெரியாமல் நேயும் பக்கம் போய்விட்டால், அவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப உள்ளே வர அந்த விசா உதவாது. ஆகவே பாலத்தையும் ஒரு இடைநிறுத்தமாகப் போட்டுவிடுங்கள். போஸ்னியாவின் மொஸ்தார் பாலத்தைப் பார்க்கும் ஆசையை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் எந்தெந்த நாட்டுக்குக் காரைக் கொண்டுபோகலாம் என்று எழுதியிருக்கும். கிழக்கே போகப் போகத் தடை அதிகம். அனுமதியில்லாத நாட்டில் ஏதாவது நடந்தால் காப்பீடு கையை விரித்துவிடும். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்கு, சில சமயம் வாடகையையே மிஞ்சும் கட்டணம் கேட்பார்கள். அதனால்தான் வட்டமாகத் திரும்பி வரும் ரூட் லாபம். இந்திய உரிமத்தோடு ஜெர்மனிக்குக் குடிவந்தவர்கள் முதல் ஆறு மாதம்தான் அதில் ஓட்டலாம்; அதற்குப் பிறகு ஜெர்மன் உரிமம் கட்டாயம். பயணத் தேதி அந்த ஆறு மாதத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் போடும் இடத்தில்

நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் விலை அதிகம். ஆட்டோபானை விட்டு ஊர்ப்பக்கம் இறங்கினால் லிட்டருக்கு நன்றாகவே குறையும். ஆகவே தங்கும் ஊரிலேயே முந்தின இரவு நிரப்பிவிடுவது என் பழக்கம்.

திரும்பும் வழியில் இத்தாலியில், வெரோனா பக்கம் ஒரு பங்கில் நடந்தது. எங்களுடையது பெட்ரோல் கார். கூட வந்த நண்பர் அமெரிக்காவில் சில வருஷம் இருந்தவர். "காசோலியோ" என்று எழுதியிருந்த குழாயைப் பார்த்ததும், கேசலின்தானே என்று கையில் எடுத்துவிட்டார். குழாய் மூடியில் ஒட்டியிருந்த சதுரத்தைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். இத்தாலியில் காசோலியோ என்றால் டீசல். பெட்ரோலுக்கு பென்சீனா. ஸ்பெயினில் காசோலியோ டீசல், காசொலினா பெட்ரோல். பிரான்ஸில் கஸோல் டீசல், எஸ்ஸான்ஸ் பெட்ரோல். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் குழாயிலும் புதிய கார்களின் மூடியிலும் ஒரே அடையாளம்: பெட்ரோல் என்றால் வட்டம், உள்ளே இ5 அல்லது இ10. டீசல் என்றால் சதுரம், உள்ளே பி7. மூடியில் இருக்கும் வடிவமும் குழாயில் இருக்கும் வடிவமும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். இத்தாலியில் இன்னொரு விஷயம், ஆள் வந்து ஊற்றும் குழாய்க்கு விலை கூட. நாமே போட்டுக்கொள்ளும் "ஃபாய் தா தே" பலகை இருக்கும் பக்கம் நிறுத்துங்கள்.

இத்தாலிய ஊர்களுக்குள் கார் வேண்டாம்

வெரோனா, ஃபிளாரன்ஸ், பீசா, ரோம் என்று எந்தப் பழைய ஊரிலும் நடுப்பகுதி வெளிக் கார்கள் நுழையத் தடைசெய்த வட்டாரம். வெள்ளைத் தட்டில் சிவப்பு வளையம், கீழே நேரம் எழுதிய பலகை, மேலே கேமரா. தடுப்புக்கட்டை எதுவும் இருக்காது, யாரும் கை காட்டவும் மாட்டார்கள். மின்பலகையில் "வார்க்கோ அத்தீவோ" என்று ஒளிர்ந்தால், வாசல் திறந்திருக்கிறது போல என்று தோன்றும். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராதக் கடிதம் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் பத்தாவது மாதம் வந்தது, ஒரே காலையில் மூன்று தடவை நுழைந்ததற்கு மூன்று கடிதம். வாடகைக் கார் என்பதால் விவரம் கொடுத்ததற்குத் தனிக்கட்டணமும் சேர்ந்தது. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ரயிலிலோ பேருந்திலோ போய்விடுங்கள். விடுதி நடுவூரில்தான் என்றால், முன்பதிவு செய்யும்போதே கார் நம்பரைப் பதிவு செய்து தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள்.

காரில் இருக்க வேண்டியவை

எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கொரு ஒளிரும் மேலங்கி. மேலங்கிகளை டிக்கியில் வைக்காமல் சீட்டுக்கடியில் வையுங்கள். வண்டி நின்றால் இறங்குமுன் போட வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை பனிச் சாலையில் பனிக்கால டயர் இல்லாமல் ஆஸ்திரியாவில் ஓட்டக்கூடாது. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் நெரிசல் தொடங்கும்போதே ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழி விட வேண்டும்: இடது ஓரத் தடத்தில் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்க, மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சைரன் கேட்ட பிறகு நகர முடியாது, இடமே இருக்காது.

திரும்பும்போது

குரோவேஷியாவிலிருந்து ரியேக்கா, திரியெஸ்தே, வெனிஸ், வெரோனா வந்து பிரென்னரில் ஏறலாம். ஓட்டி அலுத்திருந்தால் ஸ்ப்ளிட்டிலிருந்து இத்தாலியின் அங்கோனாவுக்கு ராத்திரிக் கப்பல் இருக்கிறது. சுமார் பதினோரு மணி நேரம். கார் கீழே, நீங்கள் மேலே. செலவு கூடும், ஆனால் ஒரு நாள் ஓட்டமும் ஒரு விடுதி வாடகையும் மிச்சம். அங்கோனாவில் இறங்கினால் பொலோன்யா, மிலான், கோட்ஹார்ட், பாசல் வழியே நேராக வீட்டுக்கு வரலாம். அப்போது சுவிஸ் விக்னெட்டைக் கணக்கில் சேருங்கள்.

எந்த வாசலில் வந்தாலும் ஞாயிறு மாலை ஜெர்மனிக்குள் நுழைவதைத் தவிருங்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதலே ஜெர்மன் போலீஸ் சோதனை நடத்துகிறது. வார இறுதி முடிவில் சால்ஸ்பர்க் பக்கமும் கூஃப்ஸ்டைன் பக்கமும் அந்த வரிசைக்கே ஒரு மணி நேரம் போகும். திங்கள் காலை வந்தால் போதும் என்று விடுப்பை ஒரு நாள் கூட்டி எழுதிக்கொடுங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் முன்சீட்டுப் பையில் இருக்கட்டும். நாங்கள் முதல் தடவை அவற்றை டிக்கியில், அழுக்குத் துணி மூட்டைக்கு அடியில் வைத்திருந்தோம். போலீஸ்காரர் டார்ச் அடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார், பின்னால் நின்ற கேரவன்காரருக்குத்தான் பொறுமை இல்லை, ஹார்ன் அடித்துவிட்டார்.